திரையில் தெரிந்த குரங்கு தாளில் எங்கே?
கறுப்பு வெள்ளை அச்சில் செறிவு வளைகோடும் கலர் புரொஃபைலும்

பட்டதாரி ஆசிரியர் (அறிவியல்), நாங்குநேரி

களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடநூலில் மட்டும் வரும் இடமன்று. மேற்கே திரும்பினால் தெரியும் மலை அது. அங்கு வாழும் இரண்டு குரங்கினங்களை ஒப்பிடும் பயிற்சித்தாள் ஒன்றைத் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று சிங்கவால் குரங்கு: கரிய உடல், முகத்தைச் சுற்றி வெளிர் சாம்பல் பிடரி, நுனியில் குஞ்சம் உள்ள வால். மற்றொன்று நீலகிரிக் கருமந்தி: கரிய உடல், பொன்பழுப்புத் தலைமுடி, நீண்ட வால். கணினித் திரையில் இரு படங்களும் தெளிவாகத் தெரிகின்றன. "படங்களை உற்றுநோக்கி இரண்டு வேறுபாடுகள் எழுதுக" என்று வினாவையும் தட்டச்சு செய்து, இங்க்ஜெட் பிரிண்டரில் கறுப்பு வெள்ளையில் ஒரு படி எடுத்து, அதை நாற்பது ஜெராக்ஸ் போடுகிறோம்.

பிள்ளைகள் கைக்குப் போவது இரண்டு கறுப்புத் திட்டுகள். பிடரியும் இல்லை, தலைமுடியின் நிறவேறுபாடும் இல்லை. பாடநூலை மனப்பாடம் செய்த மாணவர் விடை எழுதிவிடுவார். படத்தைப் பார்த்து எழுத வேண்டும் என்று நம்பிய மாணவர் விழிப்பார். உற்றுநோக்கலைச் சோதிக்க அமைத்த வினா, நினைவாற்றலைச் சோதிக்கும் வினாவாக மாறிவிட்டது. இத்தனைக்கும் வினாவில் பிழை இல்லை, படத்திலும் பிழை இல்லை.

இதற்குப் பெரும்பாலும் பிரிண்டரையோ மையையோ குறை சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஆனால் புதிய பிரிண்டர் வாங்காமலே, பள்ளியில் இருக்கும் கருவிகளைக் கொண்டு, ஒரு பிற்பகலில் இதைப் பெருமளவு சரிசெய்யலாம். அதற்குத் தேவை ஓர் அளவீடும் ஒரு வரைபடமும்தான். எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

திரையும் தாளும் ஏன் ஒத்துப்போவதில்லை?

முதல் காரணம் ஒளி. திரை தானே ஒளி தருகிறது. தாள், தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. அச்சின் கருமையை அளக்க "அடர்த்தி" என்ற அளவு இருக்கிறது. எதிரொளிக்கும் பங்கின் தலைகீழ் எண்ணுக்கு 10 அடிமானத்தில் மடக்கை எடுத்தால் கிடைப்பது அது. ஒரு பரப்பு 10 விழுக்காடு ஒளியைத் திருப்பினால் அடர்த்தி 1. ஒரு விழுக்காட்டை மட்டும் திருப்பினால் அடர்த்தி 2. நல்ல பளபளப்பான போட்டோத்தாளில் கறுப்பின் அடர்த்தி 2 என்ற அளவைத் தாண்டும். நாம் பயன்படுத்தும் சாதாரண நகல் தாளில் அது ஏறத்தாழ 1 முதல் 1.3 வரைதான் போகும். அதாவது சாதாரணத் தாளின் "கறுப்பு" உண்மையில் ஒரு கரும்சாம்பல். திரையில் விரிந்து கிடந்த ஒளி வேறுபாடுகள் எல்லாம் இந்தக் குறுகிய இடத்துக்குள் அடங்கியாக வேண்டும்.

இரண்டாம் காரணம் மை பரவுதல். கறுப்பு மையை மட்டும் கொண்டு அச்சிடும் பிரிண்டரிடம் சாம்பல் நிற மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துத்தான் அது சாம்பல் நிறத்தைத் தோற்றுவிக்கிறது. சாதாரணத் தாளின் நார்களில் மை ஊறும்போது ஒவ்வொரு புள்ளியும் சற்றே விரிகிறது. பரப்பில் பாதியை மூட வேண்டிய புள்ளிகள் மூன்றில் இரண்டு பங்கை மூடிவிடும். அச்சகத்தார் இதைப் புள்ளி விரிவு என்பார்கள். இதனால் நடுச்சாம்பல் கரும்சாம்பலாகிறது. கரும்சாம்பல் முழுக் கறுப்பாகிவிடுகிறது. குரங்கின் பிடரி தொலைந்த இடம் இதுதான்.

மூன்றாம் காரணம் எதிர்முனையில் இருக்கிறது. மிக வெளிர்ந்த பகுதிகளில் புள்ளிகள் மிகக் குறைவு. அவற்றில் பலவற்றை ஜெராக்ஸ் இயந்திரம் அழுக்கு என்று கருதி விட்டுவிடும். நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்ணிறத் தலையில் இரண்டு கரும்பட்டைகள்தான் அதன் அடையாளம். வெளிர்ந்த வானத்தின் முன் நிற்கும் வாத்தை அச்சிட்டால் பட்டைகள் மட்டும் தாளில் மிதக்கும், தலையின் விளிம்பு காணாமல் போகும். குரங்கு இருட்டில் மறைகிறது. வாத்து வெளுப்பில் மறைகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது: வண்ணம் சாம்பலாகும் இடம்

வளைகோட்டுக்குப் போகும் முன் ஒன்றைச் சரிபார்த்துவிட வேண்டும். வண்ணப் படத்தை அப்படியே பிரிண்டருக்கு அனுப்பி "கிரேஸ்கேல்" என்று தேர்வு செய்தால், வண்ணங்களைச் சாம்பலாக்கும் முடிவை இயந்திரத்திடம் விட்டுவிடுகிறோம். பரவலாகப் பயன்படும் விதி ஒன்று இருக்கிறது. சிவப்பின் மதிப்பை 0.299 ஆலும், பச்சையை 0.587 ஆலும், நீலத்தை 0.114 ஆலும் பெருக்கிக் கூட்டினால் சாம்பல் மதிப்பு கிடைக்கும். நம் கண்ணுக்குப் பச்சை அதிக வெளிச்சமாகவும் நீலம் குறைந்த வெளிச்சமாகவும் தெரிவதால் எடைகள் இப்படி அமைந்துள்ளன.

இப்போது ஒரு கணக்கு. கணினியில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை மதிப்புப் பெறும். தூய சிவப்பின் மதிப்பு 255. அதன் சாம்பல் 255 × 0.299 = 76. மதிப்பு 130 உள்ள கரும்பச்சையின் சாம்பல் 130 × 0.587 = 76. இரண்டும் ஒன்றே! நிலவரைபடத்தில் கரிசல் மண் பகுதியைப் பச்சையாலும் செம்மண் பகுதியைச் சிவப்பாலும் காட்டியிருந்தால், கறுப்பு வெள்ளையில் இரண்டு மண்ணும் ஒரே மண்ணாகிவிடும். வட்ட விளக்கப்படங்களிலும் இதே சிக்கல்தான். இதை எந்த வளைகோட்டாலும் சரிசெய்ய முடியாது. வளைகோடு ஒரே மதிப்புள்ள இரு புள்ளிகளையும் ஒரே மாதிரிதான் மாற்றும். வரைபடத்தில் நிறங்களுக்குப் பதில் கோடு, புள்ளி, கட்டம் என்ற நிரப்பு வடிவங்களைப் பயன்படுத்துவதே வழி. புகைப்படமாக இருந்தால், இலவச மென்பொருளான ஜிம்ப்பில் மோனோ மிக்சர் என்ற கருவி உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் எடையையும் நாமே மாற்றி, எந்த அமைப்பில் வேறுபாடு நன்றாகத் தெரிகிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

இந்தச் சிக்கல் நம் மண்ணில் புகைப்படக் கலை வந்த நாளிலேயே வந்துவிட்டது. சென்னையில் ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டரின் முயற்சியில் 1856இல் சென்னைப் புகைப்படச் சங்கம் உருவானது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படம் பிடித்தார். அன்றைய வேதிப்பொருள்கள் நீல ஒளிக்கே மிகுதியாக இணங்கின. அதனால் நீல வானம் படத்தில் வெற்று வெள்ளையாகவே விழுந்தது. டிரைப் தம் காகித நெகட்டிவ்களின் மேல் வண்ணம் தீட்டி, அச்சில் வானமும் மேகமும் தெரியும்படி செய்தார். வண்ண உலகம் சாம்பலாகும்போது எது எவ்வளவு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்பதை இயந்திரத்திடம் விடாமல் அவர் தாமே முடிவு செய்தார். நம்மிடம் இன்று தூரிகைக்குப் பதில் மோனோ மிக்சர் இருக்கிறது.

சாம்பல் படிக்கட்டு

அடுத்தது அளவீடு. நம் பிரிண்டர் எந்தச் சாம்பலை எவ்வளவு கறுப்பாக்குகிறது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். அதற்கு வெள்ளை முதல் கறுப்பு வரை சமமான படிகளில் இறங்கும் ஒரு பட்டை வேண்டும். இதைச் சாம்பல் படிக்கட்டு என்று அழைப்போம். ஐந்து ஐந்து விழுக்காடாக இறங்கினால் 0 முதல் 100 வரை 21 படிகள்.

ஜிம்ப்பில் புதிய படம் ஒன்றைத் திறந்து, வெள்ளையிலிருந்து கறுப்புக்குச் செல்லும் கிரேடியன்டை இடமிருந்து வலமாக இழுங்கள். பிறகு நிறங்கள் பட்டியில் உள்ள போஸ்டரைஸ் கருவியில் 21 என்று கொடுங்கள். படிக்கட்டு ஆயத்தம். இரு முனைகளிலும் உள்ள படிகள் பாதி அகலமே இருக்கும். அது பிழையன்று. ஒவ்வொரு படியின் கீழும் அதன் விழுக்காட்டை எழுதிவிடுங்கள்.

அச்சிடும்போது சில செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

1. பயிற்சித்தாள் எந்தத் தாளில் போகிறதோ அதே தாளில் அச்சிடுங்கள். போட்டோத்தாளில் அளந்துவிட்டு நகல் தாளில் அச்சிட்டால் அளவீடு பயன்படாது.

2. பிரிண்டர் அமைப்பில் தாள் வகை, தரம், கிரேஸ்கேல் ஆகியவற்றை ஒருமுறை தேர்வு செய்து, குறிப்பேட்டில் எழுதிவைத்து, அதையே எப்போதும் பயன்படுத்துங்கள். மை மிச்சம் பிடிக்கும் வரைவுத் தரத்துக்கு வேறு படிக்கட்டு வேண்டும்.

3. படத்தை மேம்படுத்தும் தானியங்கி வசதிகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

4. அச்சான தாளை உடனே அளக்காதீர்கள். மை உலரும்போது செறிவு மாறும். அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.

5. பிள்ளைகளுக்குத் தருவது ஜெராக்ஸ் என்றால், படிக்கட்டையும் ஜெராக்ஸ் எடுத்து அந்த நகலையே அளக்க வேண்டும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் முதன்மையானது. பிரிண்டரிலிருந்து வரும் மூலப்படி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை எந்தக் குழந்தையும் பார்க்கப்போவதில்லை. குழந்தையின் கைக்கு எந்தத் தாள் போகிறதோ அந்தத் தாளைத்தான் அளக்க வேண்டும்.

முதல் அளவீட்டைக் கண்ணாலேயே செய்யலாம். எந்தப் படியிலிருந்து அடுத்தடுத்த படிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன? 85, 90, 95, 100 ஆகிய நான்கும் ஒரே கறுப்பாகத் தெரிந்தால், அந்த எல்லைக்குள் இருக்கும் எந்த விவரமும் நம் தாளில் தெரியாது. வெள்ளை முனையில் 5 விழுக்காட்டுப் படி தெரிகிறதா என்றும் பாருங்கள். வகுப்பில் ஐந்து மாணவர்களைத் தனித்தனியே பார்க்கச் சொல்லிப் பெரும்பான்மையை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

துல்லியம் வேண்டுமானால் ஸ்கேனரைப் பயன்படுத்தலாம். பல பள்ளிகளில் உள்ள பிரிண்டரின் மேல்மூடியிலேயே ஸ்கேனர் இருக்கிறது. தானியங்கித் திருத்தங்களை நிறுத்திவிட்டுப் படிக்கட்டை ஸ்கேன் செய்யுங்கள். ஜிம்ப்பில் ஒவ்வொரு படியையும் செவ்வகத் தேர்வால் தேர்ந்தெடுத்து, ஹிஸ்டோகிராம் பலகையில் சராசரி மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சிறு கணக்கு:

கருமை விழுக்காடு = (வெற்றுத் தாளின் மதிப்பு – படியின் மதிப்பு) ÷ (வெற்றுத் தாளின் மதிப்பு – மிகக் கரிய படியின் மதிப்பு) × 100

வெற்றுத் தாள் 240, மிகக் கரிய படி 50, நாம் பார்க்கும் படி 107 என்று வைத்துக்கொள்வோம். 133 ÷ 190 × 100 = 70. ஸ்கேனர் இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவும் உதவும். ஆனால் படிகளைத் தனித்தனியே எடுத்தால் கேமரா ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். படிக்கட்டு முழுவதும் ஒரே படத்தில், வெயில் நேரே விழாத, நிழல் சீராக உள்ள இடத்தில் எடுக்கவேண்டும்.

வளைகோடு என்பது ஒரு சார்பு

நாம் கேட்ட கருமை கிடைமட்ட அச்சில், கிடைத்த கருமை செங்குத்து அச்சில். வரைபடத்தாளில் புள்ளிகளைக் குறித்து இணைத்தால் வருவதுதான் நம் பிரிண்டரின் செறிவு வளைகோடு. கேட்டதெல்லாம் அப்படியே கிடைத்தால் அது 45 பாகைச் சாய்வுள்ள நேர்கோடாக இருக்கும். நடைமுறையில் அது மேல்நோக்கிப் புடைத்த வளைவாகவே இருக்கும்.

ஒளி எவ்வளவு பட்டால் படம் எவ்வளவு கறுக்கும் என்பதை இப்படி வளைகோடாக வரையும் முறையை 1890இல் வெளியிட்டவர்கள் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வெரோ சார்லஸ் டிரிஃபீல்ட் என்ற இருவர். இங்கிலாந்தில் வேதித்தொழிலில் பணியாற்றிய இவர்கள், அனுபவத்தால் மட்டுமே கைவந்த ஒரு கலையை எல்லோரும் அளந்து செய்யக்கூடிய அறிவியலாக்கினார்கள். ஜிம்ப்பில் நாம் திறக்கும் வளைகோட்டுப் பலகை அந்த வரைபடத்தின் பேரப்பிள்ளை.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. அளவீடு இப்படி வந்ததாகக் கொள்வோம்:

கேட்டது 10 – கிடைத்தது 16
கேட்டது 25 – கிடைத்தது 38
கேட்டது 50 – கிடைத்தது 70
கேட்டது 75 – கிடைத்தது 92
கேட்டது 90 – கிடைத்தது 99

நமக்கு 50 கிடைக்க வேண்டும் என்றால் எதைக் கேட்க வேண்டும்? 25 கேட்டால் 38, 50 கேட்டால் 70. நமக்கு வேண்டிய 50 இவற்றுக்கு இடையில் இருக்கிறது. 38இலிருந்து 70 வரை உள்ள 32இல் 12 தூரம் போக வேண்டும். எனவே 25 + 25 × (12 ÷ 32), அதாவது ஏறத்தாழ 34. இப்படியே கணக்கிட்டால் 25 கிடைக்க 16ஐயும், 75 கிடைக்க 56ஐயும், 90 கிடைக்க 73ஐயும் கேட்க வேண்டும். பிரிண்டரின் சார்புக்கு நேர்மாறு சார்பைக் கண்டுபிடித்திருக்கிறோம். முதலில் நேர்மாறு சார்பு, அதன்மேல் பிரிண்டரின் சார்பு என்று இரண்டையும் சேர்த்தால் சமனிச் சார்பு கிடைக்கிறது. கேட்டது கிடைக்கிறது.

இதை ஜிம்ப்பின் வளைகோட்டுப் பலகையில் பதிய வேண்டும். அங்கே 0 என்பது கறுப்பு, 255 என்பது வெள்ளை. எனவே கருமை விழுக்காட்டை 100இலிருந்து கழித்து 2.55ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் பதிய வேண்டிய புள்ளிகள்: 191க்கு 214, 128க்கு 168, 64க்கு 112, 26க்கு 69. முனைகளான 0, 255 இரண்டும் அப்படியே இருக்கட்டும். வளைகோட்டை முன்னமைவாகச் சேமிக்கும் வசதி அதே பலகையில் இருக்கிறது. பிரிண்டர், தாள், தரம், மாதம் ஆகிய நான்கும் தெரியும்படி பெயர் வையுங்கள்.

பிறகு படிக்கட்டின்மேலேயே இந்த வளைகோட்டைப் போட்டு மீண்டும் அச்சிட்டுப் பாருங்கள். படிகள் சீராக இறங்கினால் வேலை முடிந்தது. ஒரு சில படிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் சிறிது திருத்துங்கள். பொதுவாக இரண்டு சுற்றுகள் போதும்.

திருத்திய படம் திரையில் வெளிறிப்போனதாகத் தெரியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தாளில் ஏறும் கருமையை முன்கூட்டியே கழித்து வைத்திருப்பதால்தான் அப்படித் தெரிகிறது. அதே காரணத்தால், திருத்திய படத்தைத் திரையில் காட்டும் பாடத்துக்கும் பயன்படுத்தாதீர்கள். மூலப்படம் ஒரு கோப்பு, அச்சுக்கான படி வேறு கோப்பு என்று வைத்துக்கொள்வது நல்லது.

வாத்தின் சிக்கலுக்கு வளைகோடு மட்டும் போதாது. வெளிர்ந்த பொருள் வெளிர்ந்த பின்புலத்தின் முன் இருந்தால், பின்புலத்தைத் தேர்ந்தெடுத்து நடுச்சாம்பலாக்கிவிட வேண்டும். வெண்ணிறத் தலைக்குத் தாளின் வெண்மையே போதும். சுற்றிலும் இருக்கும் சாம்பல் அதற்கு விளிம்பு தரும்.

கலர் புரொஃபைல் எதற்கு?

பிரிண்டர் அமைப்பில் கலர் புரொஃபைல், ஐ.சி.சி. என்ற சொற்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கருவியில் ஒரு எண் எந்த நிறமாகத் தெரிகிறது என்பதைச் சொல்லும் அட்டவணைதான் புரொஃபைல். நாம் 21 சாம்பல் படிகளை அளந்ததுபோல, புரொஃபைல் தயாரிப்பவர்கள் நூற்றுக்கணக்கான வண்ணக் கட்டங்களை அச்சிட்டுக் கருவியால் அளக்கிறார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி தேவைப்பட்டதால் 1993இல் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு உருவானது. ஐ.சி.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். இணையத்திலும் கைப்பேசியிலும் நாம் காணும் பெரும்பாலான படங்கள் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற வண்ணவெளியில் இருக்கின்றன. எச்.பி., மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996இல் முன்வைத்து, 1999இல் பன்னாட்டுத் தரமானது இது.

எஸ்.ஆர்.ஜி.பி. எண்கள் ஒளியின் அளவை நேர்விகிதத்தில் குறிப்பதில்லை. 255இல் பாதியான 128, முழு ஒளியில் பாதியைக் குறிப்பதாக நினைப்போம். உண்மையில் அது ஏறத்தாழ 22 விழுக்காடு ஒளிதான். இருண்ட பகுதிகளின் சிறு வேறுபாடுகளை நம் கண் நன்றாக உணர்வதால் எண்களில் பெரும்பங்கு அந்தப் பகுதிக்குக் கொடுக்கப்பட்டுள்ளது. படத்தில் எந்த எண் எவ்வளவு ஒளி என்பதைப் புரொஃபைல் சொல்லாவிட்டால் பிரிண்டர் ஊகித்துக்கொள்ளும். ஆகவே படத்தைச் சேமிக்கும்போது எஸ்.ஆர்.ஜி.பி. புரொஃபைலையும் சேர்த்தே சேமிக்க வேண்டும்.

வண்ண மைகளைக் கலந்து சாம்பல் உருவாக்கும்போதும் புரொஃபைல் முக்கியம். மூன்று மைகளின் சமநிலை சிறிது தவறினாலும் சாம்பல், பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ சாயும். இதைத் தவிர்க்கவே புகைப்படக் கலைஞர்களுக்கான பிரிண்டர்களில் கறுப்போடு சாம்பல் மைகளும் தனித்தனிக் குப்பிகளில் வருகின்றன. குவாட்டோன் ரிப் என்ற மென்பொருள், ஒவ்வொரு சாம்பல் மைக்கும் தனி வளைகோடு கொடுத்து அச்சிடுகிறது. அதன் அடிப்படையும் நாம் செய்த படிக்கட்டு அளவீடுதான். பள்ளியின் நகல் தாள் வேலைக்கு அவ்வளவு தேவையில்லை. கறுப்பு மை மட்டும் என்ற அமைப்பும் நாம் அளந்த வளைகோடும் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, திருத்தம் ஓரிடத்தில்தான் நடக்க வேண்டும். மென்பொருளிலும் பிரிண்டர் அமைப்பிலும் வண்ண மேலாண்மை இயங்கினால் ஒரே திருத்தம் இருமுறை விழுந்து படம் கெடும். இரண்டு, புரொஃபைலும் வளைகோடும் குறிப்பிட்ட பிரிண்டர், மை, தாள், தரம் ஆகியவற்றின் கூட்டணிக்கு உரியவை. தாளின் நிறுவனம் மாறினாலோ வேறு மை ஊற்றினாலோ படிக்கட்டை மறுபடி அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

முகங்கள்

குரங்குக்கும் வாத்துக்கும் எடுக்கும் இந்த அக்கறை, நம் பிள்ளைகளின் முகங்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவை. பள்ளி ஆண்டு மலர், போட்டிகளில் வென்றவர் பட்டியல், குழுப்படம், அறிவிப்புப் பலகை என எங்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் இடம்பெறுகின்றன. கரிய நிறமுள்ள பிள்ளையின் முகம் படிக்கட்டில் கீழ்ப்படிகளில்தான் விழும். மை பரவி விவரங்கள் அழியும் இடமும் அதுதான். பக்கத்தில் நிற்கும் வெளிர்நிறப் பிள்ளையின் சிரிப்பு தெரியும். இந்தப் பிள்ளையின் பற்கள் மட்டும் தெரியும். பல ஆண்டுகள் கழித்துத் தன் படத்தைத் தேடும்போது அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிழல்.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. கோடாக் நிறுவனம் வண்ண அச்சுகளைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிவந்த ஷெர்லி அட்டையில் நெடுங்காலம் இருந்தது வெள்ளை நிறப் பெண்ணின் முகமே. அந்த முகம் சரியாக வந்தால் அச்சு சரி என்று கொள்ளப்பட்டது. கரிய முகங்கள் சரியாக வருகின்றனவா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. எதை வைத்து அளக்கிறோமோ அதற்கே நீதி கிடைக்கும்.

ஆகவே நம் படிக்கட்டின் பக்கத்தில் நம் பிள்ளைகளின் முகங்களையும் வைப்போம். பெற்றோரின் ஒப்புதலோடு, பல நிறங்களில் உள்ள நான்கைந்து மாணவர்களின் படத்தை ஒரே தாளில் அச்சிட்டு, எல்லோருடைய கண்ணிமையும் மூக்கின் நிழலும் தெரிகின்றனவா என்று பாருங்கள். கரிய முகத்தை வெளுக்கச் செய்வது இதன் நோக்கமன்று. வெளுக்கச் செய்தால் அது வேறு பிள்ளையின் முகமாகிவிடும். கரிய நிறத்துக்குள் இருக்கும் நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைத் தாள் வரை கொண்டுசேர்ப்பதே நோக்கம்.

பழைய பள்ளிக் குழுப்படங்களுக்கும் இதே முறை பொருந்தும். தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம் ஒன்றின்கீழ் எண்ணிமமாக்கியிருக்கிறது. பள்ளிச் சுவரில் மங்கிக்கொண்டிருக்கும் படங்களும் அத்தகைய ஆவணங்களே. ஸ்கேன் செய்த மூலக் கோப்பைத் திருத்தாமல் பாதுகாத்து, அச்சுக்கான படியில் மட்டும் வளைகோட்டைப் பயன்படுத்துங்கள்.

வகுப்பறைக்குள் கொண்டுசெல்ல

இந்த வேலையை ஆசிரியர் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பின் உறவுகளும் சார்புகளும் பாடத்தில் சார்புகளின் சேர்ப்பு வருகிறது. மேல்நிலை முதலாம் ஆண்டில் நேர்மாறு சார்பும் மடக்கையும் வருகின்றன. "இது எங்கே பயன்படும்?" என்று கேட்கும் மாணவரிடம் சாம்பல் படிக்கட்டைக் கொடுத்துவிடலாம். நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் படிகளை எண்ணி அட்டவணைப்படுத்தலாம். உயர்நிலை வகுப்பினர் வரைபடத்தாளில் வளைகோட்டை வரைந்து, வேண்டிய மதிப்பை அதிலிருந்து படித்துச் சொல்லலாம். மேல்நிலை வகுப்பினர் உயர்தொழில்நுட்ப ஆய்வகக் கணினியில் அதைப் பதிந்து சோதிக்கலாம். நகல் தாள், போட்டோத்தாள், பழுப்புத் தாள் என்று மூன்று தாள்களின் வளைகோடுகளை ஒப்பிட்டால் ஒரு முழுமையான செயல்திட்டம் ஆயத்தம்.

தொடங்குவதற்கு ஒரு தாளும் ஒரு படிக்கட்டும் போதும். இவ்வாரம் உங்கள் பள்ளி பிரிண்டரில் அதை அச்சிட்டு, வழக்கமாக ஜெராக்ஸ் எடுக்கும் இடத்தில் ஒரு நகல் எடுத்து, எத்தனை படிகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். 21இல் 14 மட்டுமே தெரிந்தால், நாம் தரும் ஒவ்வொரு படத்திலும் மீதி ஏழு படிகளில் உள்ளவற்றைப் பிள்ளைகள் பார்க்காமலே விடை எழுதுகிறார்கள் என்று பொருள்.